மிச்ச உல்லனில் ஒரு போர்வை

குன்னூர் குளிருக்கு வீட்டில் அத்தனை பேருக்கும் ஸ்வெட்டர் பின்னிப் போட்டவர் என் மாமியார். அவர் காலமான பின் பீரோவைத் திறந்தால், துண்டும் துக்கடாவுமாய் உல்லன் உருண்டைகள். "தூக்கிப் போடு" என்றார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.

ஒரே கனமுள்ள நூலாகப் பிரித்து, குரோஷா ஊசியால் சதுரம் சதுரமாகப் போட்டேன். பெரிய சுற்றுக்குப் போதாத நூலா? நடுவில் வைத்துவிடலாம். கடைசிச் சுற்று மட்டும் எல்லாவற்றுக்கும் கறுப்பு. அப்போதுதான் கலர்கள் கண்ணை உறுத்தாது. 120 சதுரம் சேர்ந்ததும் போர்வை ரெடி! பச்சைச் சதுரத்தைத் தடவி, "இது நான் ஆறாம் கிளாஸில் போட்ட ஸ்வெட்டர் நூல்" என்றவர், இப்போது அதை யாருக்கும் தருவதில்லை.

நூல் முனைகளை அன்றன்றே உள்ளே கோத்துவிடுங்கள், தோழிகளே. சேர்த்து வைத்தால் அலுத்துவிடும். நிஜக் கம்பளி கலந்திருந்தால் வெந்நீர் ஆகாது, சுருங்கிவிடும்.

- ஒரு வாசகி, குன்னூர்.