விழுந்ததை எடுக்க ஓடும் பிள்ளைகள்

கடந்த வருடம் ஐப்பசியில் கனடாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "சித்தி, சனிக்கிழமை எங்கட கிளப்பில ரொக்கெட் விடுறம். நீங்களும் வாறீங்கள்தானே?" என்று பெறாமகன் கேட்டான். அவனுக்கு 12 வயது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். வன்னியில் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள் நாங்கள். அவனுக்கு அது தெரியும், ஆனால் ஒரு கதையாகத்தான் தெரியும்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கும் அதிகமான ஓட்டம். சோளம் அறுத்து முடித்த பெரிய வயல். பிள்ளைகள், பெற்றோர், ஓய்வுபெற்ற வயதினர் என்று நாற்பது பேரளவில் நின்றார்கள். மடக்கு மேசைகளில் ரொக்கெட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

பெறாமகனின் ரொக்கெட் ஒரு முழ நீளம்கூட இல்லை. உடல் காட்போட் குழாய், மூக்கு பிளாஸ்ரிக், வால் இறக்கைகள் பல்சா எனப்படும் மெல்லிய மரம். உலோகம் கூடாது என்பது விதி. ஏதேனும் பிழைத்து வெடித்தாலும் சிதறுவது காகிதமாக இருக்கவேண்டும் என்பதே காரணம். எறிகணைச் சிதறலை உடம்பில் சுமந்துகொண்டிருக்கும் எம்மவருக்கு இந்த விதியின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

உந்துவிசை தருவது பெருவிரல் பருமனுள்ள ஒரு மோட்டார். தடித்த காகித உறை, அடியில் களிமண்ணாலான துவாரம், உள்ளே அழுத்தி அடைத்த கருமருந்து. அவன் காட்டிய மோட்டாரில் 'சி6-5' என்றிருந்தது. எழுத்து மொத்த உந்தத்தைக் குறிக்கும். 'ஏ'யிலிருந்து 'பி', 'பி'யிலிருந்து 'சி' என்று ஒவ்வொரு எழுத்துக்கும் அது இரட்டிப்பாகும். 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 5தான் எனக்குப் பிடித்தது. மருந்து எரிந்து முடிந்த பிறகும் ரொக்கெட் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் 5 செக்கன்களுக்கு ஒரு தாமத மருந்து புகைவிட்டபடி மெதுவாக எரியும். அது முடியும்போது மேல்நோக்கி ஒரு சிறு வெடிப்பு. அது மூக்கைத் தள்ளிவிட, பரசூட் வெளியே வரும். பரசூட் கருகாமல் இருக்க இடையில் தீப்பிடிக்காத காகிதம் செருகுவார்கள்.

ஏவுதளத்துக்குப் போகமுன் ஒவ்வொரு ரொக்கெட்டையும் பாதுகாப்புப் பொறுப்பாளர் கையில் வாங்கிப் பார்த்தார். இறக்கையை ஆட்டினார், மூக்கை இழுத்துப் பார்த்தார். ஒரு பிள்ளையினதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஒட்டு காயவில்லையாம். பிறகு ஒரு மீற்றரளவு கம்பியில் ரொக்கெட்டைக் கோர்த்து, பற்றரி வயரைப் பூட்டிவிட்டு விலகி நிற்கவேண்டும். இந்த அளவு மோட்டாருக்கு அமெரிக்க விதிகள் சொல்லும் தூரம் 5 மீற்றர். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவக்கூடாது. முகிலுக்குள்ளோ விமானத்துக்குக் கிட்டவோ ஏவக்கூடாது. எந்த இலக்கையும் நோக்கி ஏவக்கூடாது.

ஐந்து, நான்கு, மூன்று என்று எல்லோரும் சத்தமாக எண்ணினார்கள். எங்களுக்கும் எண்ணும் பழக்கம் இருந்தது. 2009இல் எறிகணை ஏவும் சத்தம் கேட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவோம். வேறெங்கோ விழுந்தால்தான் மூச்சு வரும். பல்குழல் என்றால் எண்ணவும் முடியாது. வயலில் கேட்டது நான் பயந்த சத்தமல்ல, பெரிய சீறல் மட்டுமே. ஆனாலும் முதல் மூன்று ஏவல்களுக்கும் என் தோள்கள் தாமாகவே குறுகின. அக்கா காருக்குள் இருந்துவிட்டாள்.

பெறாமகன் பொத்தானை அமத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. அவன் ஓடிப்போய்ப் பார்க்க முயலவில்லை. பாதுகாப்புச் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். 60 செக்கன் காத்திருக்கவேண்டும் என்பது விதி. தீமூட்டி வயர் கழன்றிருந்தது. இரண்டாம் முறை போனது. ஒரு புள்ளியாகி, வெள்ளைப் புகைக்கோடாகி, பிறகு செம்மஞ்சள் பரசூட் விரிந்தது.

அது விழுந்த திசைக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஓடினார்கள். "ஓடாத, தொடாத" என்று கத்திவிட்டேன். தமிழ் விளங்காதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வானத்திலிருந்து விழுந்ததைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களுக்குச் சொல் என்று முகாமிலும் மீள்குடியேறிய பிறகு பாடசாலையிலும் படித்தவள் நான். முகமாலைப் பக்கம் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் அதையே படித்தார்கள். அங்கே அது சரியான பாடம். இந்த வயலில் விழுந்ததை எடுத்து வருவதுதான் விளையாட்டின் பாதி.

இந்தப் பொழுதுபோக்கின் தொடக்கத்திலும் காயப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவில் இளைஞர்கள் இரும்புக் குழாய்களில் மருந்தை அடைத்து வெடிக்கவைத்துக் காயப்பட்டார்கள். நியூ மெக்சிக்கோவின் வைற் சான்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலைசெய்த ஹரி ஸ்ரைன் அதைப்பற்றி ஒரு சஞ்சிகையில் எழுதினார். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓவில் கார்லைல் 1954இலேயே காகித ரொக்கெட் செய்திருந்தார். கட்டுரையைக் கண்டு மாதிரிகளை ஸ்ரைனுக்கு அனுப்பினார். 1957 ஒக்ரோபரில் ஸ்புட்னிக் போனதும் ஆர்வம் கட்டுக்கடங்காமல் பெருகியது. பாதுகாப்பு விதிகளும் சங்கமும் அக்காலத்தில் வந்தவைதான். போராயுதம் பரிசோதிக்கும் தளத்தில் இருந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வதென்று இன்னும் யோசிக்கிறேன்.

எமது பாடசாலைகளில் கருமருந்து மோட்டாரை நினைத்தும் பார்க்கமுடியாது. அது வேண்டியதுமில்லை. சோடாப் போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர், இறுக்கமான அடைப்பான், சைக்கிள் பம்ப் இருந்தால் தண்ணீர் ரொக்கெட் மைதானத்தைத் தாண்டும். அதற்கும் தூர நின்று எண்ணத்தான் வேண்டும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடும் கைகளுக்கு இது பெரிய வேலையல்ல.

அன்று மாலை பெறாமகன் எரிந்து முடிந்த மோட்டார் உறையை என் கையில் வைத்தான். வெறும் காட்போட், பட்டாசு மணம். ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "மருந்து மணத்துக்கு எயார்போட்டில பிடிப்பாங்கள் சித்தி" என்றான். அவன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.