வீட்டில் நிற்கும் பழைய அமெரிக்கக் கார்: எதை நீங்களே சரிசெய்யலாம், எதை மாற்றினால் ஆர்.சி.க்கே சிக்கல்?

மைசூருவில் யாதவகிரி, ஜெயலட்சுமிபுரம், சரஸ்வதிபுரம் பக்கம் பழைய வீடுகளின் காம்பவுண்டுக்குள் தார்ப்பாய் போர்த்திய ஒரு பெரிய கார் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். செவர்லே, டாட்ஜ், பிளிமவுத், வில்லிஸ் ஜீப் என்று ஏதோ ஒன்று. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அல்லது முதல் போனஸில் நீங்களே ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். வார நாளில் ஆபீஸ், சனி ஞாயிறில் ஸ்பேனர்.

இதெல்லாம் வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். இன்றைய கார்களைவிட இவற்றில் கை வைப்பது சுலபம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும். ஆனால் 'அப்கிரேட்' என்ற பெயரில் செய்யும் சில வேலைகள் உயிருக்கும், சில வேலைகள் ஆர்.சி. புத்தகத்துக்கும் ஆபத்து. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பேப்பரை எடுங்கள்.

இவ்வளவு அமெரிக்கக் கார்கள் இங்கே எப்படி வந்தன?

ஃபோர்டு 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் கடை விரித்துவிட்டன. பாகங்களாகக் கப்பலில் வந்த கார்களை இங்கேயே பூட்டி விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லரோடு சேர்ந்து டாட்ஜ், டிசோட்டோ, பிளிமவுத் கார்களையும், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரையும், மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பையும் பூட்டின. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்ததும், 1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. கார்கள் மட்டும் தங்கிவிட்டன.

மைசூருவுக்குப் பழைய வண்டிப் பாசம் புதிதல்ல. 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி பைக்குகளைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை இருந்த ஊர் இது. ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே 2023இல் திறந்த 'பயண' கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் காரில் எது ஒரிஜினல், எது யாரோ பின்னால் ஒட்டவைத்தது என்று கண்ணுக்குப் பழகும். கோவைப் பக்கம் போனால் ஜிடி கார் மியூசியமும் இருக்கிறது.

பேப்பர் விஷயம்: இரண்டு வழி, இரண்டு விலை

முதல் வழி, சாதாரண ஆர்.சி.யையே உயிரோடு வைத்திருப்பது. 15 ஆண்டு முடிந்த தனியார் வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆகஸ்ட் 2025இல் மத்திய அரசு இந்தக் கட்டணத்தை உயர்த்தியது. 20 வயது தாண்டிய காருக்கு ரூ.10,000. அதுவே இறக்குமதிக் கார் என்றால் ரூ.80,000! இந்தியாவில் பூட்டிய டாட்ஜுக்கும் கப்பலில் முழுசாக வந்த செவர்லேவுக்கும் இந்த இடத்தில்தான் வித்தியாசம் வலிக்கும். உங்கள் வண்டி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் ஆர்.சி.யில் பாருங்கள். மைசூரு மேற்கு என்றால் கேஏ-09, கிழக்கு என்றால் கேஏ-55 அலுவலகம். டெல்லியில் போல '15 வருஷம் ஆச்சு, ரோட்டுல வராதே' என்ற தடை இங்கே இல்லை.

இரண்டாவது வழி, விண்டேஜ் பதிவு. ஜூலை 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார், பைக்குகளை இப்படிப் பதியலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000, 10 ஆண்டு செல்லும், அதன்பின் மறுபதிவுக்கு ரூ.5,000. நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மைசூர் மாநிலக் காலத்தில் 'எம்ஒய்' என்று தொடங்கிய நம்பர் பிளேட் உங்களிடம் இருந்தால் அதன் அருமை உங்களுக்கே தெரியும்.

ஆனால் விண்டேஜ் பதிவில் காரைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்புக்குக் கொண்டுபோக, அவ்வளவுதான். ஹெப்பாளில் இருக்கிற ஆபீஸுக்கு இதில் போய் இறங்கலாம் என்ற கனவை விட்டுவிடுங்கள். இன்னொரு நிபந்தனைதான் நமக்கு ரொம்ப முக்கியம்: சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அமெரிக்கக் கார்களின் பெரிய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டியது நம் ஊரில் சகஜம். உங்கள் காரிலும் அப்படி நடந்திருக்கலாம். ஆர்.சி.யில் எரிபொருள் எது, எஞ்சின் நம்பர் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத காரை வாங்குவது தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரமும் ஆர்.சி. விவரமும் முரண்படுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றம் ஜனவரி 2019இல் இதை அழுத்திச் சொல்லிவிட்டது.

ஆக, நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். நாளைக்கே கழற்றிப் பழையபடி வைக்க முடிகிற மாற்றமா? தாராளமாகச் செய்யுங்கள். வெட்டி, வெல்டு வைத்துச் செய்ய வேண்டிய மாற்றமா? கையை எடுங்கள்.

பிரேக்: முதல் செலவு இங்கேதான்

எல்லோரும் பெயின்ட்டில் தொடங்குவார்கள். நீங்கள் பிரேக்கில் தொடங்குங்கள். 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் சர்க்யூட்தான். எங்கோ ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் போதும், நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. ஒன்றரை டன் இரும்போடு சாமுண்டி மலையிலிருந்து இறங்கும்போது இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

வீட்டில் செய்யும் சோதனை எளிது. பெடலை ஒரு நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் கிட் மாற்றும் நேரம். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியை பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த ஈரம் இரும்புக் குழாயை உள்ளிருந்தே அரித்திருக்கும், வெளியே பளபளவென்றுதான் தெரியும். பழைய குழாய் என்றால் மொத்தமாக மாற்றிவிடுங்கள். 'செம்புக் குழாய் இருக்கு, வளைக்க ஈஸி' என்று ஃபிரிட்ஜ் குழாயைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிர்வில் அது கெட்டிப்பட்டு விரிசல் விடும்.

பிரேக்கில் நான் பரிந்துரைக்கும் ஒரே அப்கிரேட், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி. போல்ட்டில் பூட்டுவது, திரும்பக் கழற்றலாம். ஆனால் இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். டிஸ்க் பிரேக் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். மலையில் இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள், டிரம் சூடேறாது.

ஜாக்கி போடும் முன் ஒரு எச்சரிக்கை. பிளிமவுத், டாட்ஜ், வில்லிஸ் ஜீப் போன்ற பழைய வண்டிகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழலும் தண்டில் இருக்கும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால் டிஃபரென்ஷியல் வழியாக அது சுழன்று, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும்! அதனால் சக்கரத்துக்கு முட்டு கட்டாயம். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல் ஸ்டாண்டு ஆகாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஈ20 பெட்ரோல் பழைய எஞ்சினுக்கு ஒத்துவருமா?

பிப்ரவரி 2023இல் பெங்களூருவில் பிரதமர் தொடங்கிவைத்த ஈ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல், இப்போது பெரும்பாலான பங்க்குகளில் அதுதான். எஞ்சின் வெடித்துவிடாது. ஆக்டேன் பிரச்சினையும் இல்லை. வில்லிஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் எஞ்சினின் கம்ப்ரெஷன் 6.5:1 பக்கம்தான், எதைக் கொடுத்தாலும் குடிக்கும்.

சிக்கல் ரப்பரில். அந்தக் கால ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. ஊறும், பிசுபிசுக்கும், வெடிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் சொன்னது. எத்தனால் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் கிட் இரண்டையும் முதல் மாதத்திலேயே மாற்றுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கணக்குப் போட்டால் ஈ20இல் மைலேஜ் 6–7% இறங்கும். காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்ற நிலைக்கு எஞ்சின் போகும், அதனால் கார்புரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டிவரலாம். ரொம்பவும் திறந்துவிடாதீர்கள். இந்த வயது பெட்ரோல் காருக்கு மாசுச் சோதனையில் ஐடிலிங் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3%.

எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். ஆயுத பூஜைக்கு ஒருநாள் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுக்கும் காரில்தான் இது வினை. மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் கலந்த எத்தனால் டேங்க் அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். மாதம் இருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள், அல்லது டேங்க்கைக் காலி செய்து வையுங்கள்.

கரன்ட், ஆயில், டயர்

1955-56க்கு முந்தைய அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் 6 வோல்ட். அதிலும் பழைய ஃபோர்டு, பிளிமவுத், டாட்ஜில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகும், செவர்லேவில் நெகட்டிவ். தெரியாமல் மாற்றி மாட்டினால் புகைதான். 'செல்ஃப் மெதுவா சுத்துது, 12 வோல்ட்டுக்கு மாத்திடலாம்' என்று சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும், அதற்குத் தடிமனான கேபிள் தேவை. கடையில் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி கேபிளை யாரோ மாட்டியிருப்பார்கள், அதுதான் காரணம். தடித்த கேபிள், துரு சுரண்டிய எர்த் பாயிண்ட், இரண்டும் சரியானால் பாதி வண்டிகள் ஒரே சுற்றில் உயிர் பெறும்.

எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5 சிலவற்றில் பித்தளைப் பாகங்களைத் தின்னும். அடிப்பாகத்தில் இருக்கும் கிரீஸ் நிப்பிள்கள் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,500 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் கன் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

நட்டுகள் எல்லாம் இன்ச் அளவு. அரை இன்ச் நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும், அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். இன்ச் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஜீப்புக்கு 6.00-16 டயர் தேடும்போது, அதே அளவில் டிராக்டர் முன்டயரை எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. அது வயல் வேகத்துக்கானது, ரிங் ரோட்டுக்கு ஆகாது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பூ தேயாமல் புதிது மாதிரி இருந்தாலும் பத்து வருட டயர் வேண்டாம்.

பாகங்களுக்கு பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை இரண்டிலும் ஒரு நாள் அலையலாம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. பெங்களூரு போக எக்ஸ்பிரஸ்வேயில் ஏறுவதைவிட, பக்கத்தில் சர்வீஸ் ரோட்டில் 60இல் போவதே இந்த வண்டிக்கு மரியாதை. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து வையுங்கள், பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.