முதல் மருந்து தளர்ந்த பின்

முற்றிய நுரையீரற் புற்றுநோயாளர் சிலரிடம், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள இ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதம் மாறுபாடுற்று, உயிரணுவை ஓயாது பெருகத் தூண்டுகிறது. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் ஆகிய மாத்திரைகள் அப்புரதத்தின் குழிவில் பொருந்தி அத்தூண்டலை அடக்குகின்றன. ஆயினும், பெரும்பாலும் ஓராண்டளவில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

இதற்குக் காரணம் யாது? ஏறத்தாழப் பாதிப்பேரிடம், புரதத்தின் 790ஆவது இடத்திலிருந்த திரியோனின் நீங்கி, மெத்தியோனின் அமர்ந்துவிடுகிறது. அதன் பயனாக ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருள் அக்குழிவை இறுகப் பற்றி, மருந்துக்கு இடமின்றிச் செய்கிறது.

2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒசிமெர்ட்டினிப், மாறிய புரதத்துடனும் நிலையாகப் பிணையவல்லது. 2017இல் அச்சேறிய, இத்தகைய நோயாளர் 419 பேரைக் கொண்ட ஆய்வில், நோய் வளராதிருந்த இடைநிலைக் காலம் வழக்கமான வேதிமருந்து பெற்றோருக்கு 4.4 மாதம், இம்மருந்து பெற்றோருக்கு 10.1 மாதம். இன்று பலருக்கு இதனை முதல் மருந்தாகவே அளிக்கின்றனர்.

பழைய மாத்திரையில் தொடங்கியோர், அது பயனற்றுப்போயிற்று என்று சிகிச்சையைக் கைவிடலாகாது. இரத்தத்தைச் சோதித்து, அதில் இம்மாறுதல் புலப்படாவிடில் திசுவையும் சோதித்தல் வேண்டும். இம்மருந்து நோயை அறவே நீக்குவதன்று. கிடைக்கும் மாதங்களோ அருமையானவை. இவ்விரண்டையும் குடும்பத்தாருக்கு மறைக்காது எடுத்துரைப்பது களப்பணியாளர் கடமையாகும்.