கல்லுக்கு யார் காசு கொடுத்தது?

வடக்கு பிரான்சில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் எழுந்த கதீட்ரல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறார்கள்: ஒளி, உயரம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதும் இதைத்தான். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம், மெய்மறந்து நின்றோம் என்று. இந்த மெய்மறத்தல் தானாக நிகழ்வதல்ல; திட்டமிட்டுக் கட்டப்பட்டது. எப்படிக் கட்டினார்கள், யார் காசில் கட்டினார்கள் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்காமல் கதீட்ரலைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் கட்டுமானம். கல்லை வளைத்துக் கூரை போட்டால் அது கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளும். அரைவட்ட வளைவு கூடுதலாகத் தள்ளும். அதனால்தான் முந்தைய ரோமனெஸ்க் கோயில்களில் சுவர் தடிமன், ஜன்னல் சின்னது, உள்ளே இருட்டு. வளைவின் உச்சியைக் கூராக்கினால் பக்கத் தள்ளல் குறைகிறது. கூரைக்கடியில் விலா எலும்புகள் மாதிரி குறுக்காக ஓடும் கல் வளைவுகள் சுமையைத் தூண்களை நோக்கிக் கொண்டுபோகின்றன (எவ்வளவு சுமையை அவை உண்மையில் தாங்குகின்றன என்பதில் நிபுணர்களுக்குள் நெடுநாள் சண்டை). மிச்சத் தள்ளலை வெளியே தள்ளி நிற்கும் கனத்த தூண்கள் வாங்கிக்கொள்கின்றன. அந்தத் தூண்களிலிருந்து பக்கக் கூடத்தின் கூரையைத் தாண்டி வந்து சுவரை எட்டிப் பிடிக்கிற அரை வளைவுகளுக்குத்தான் பறக்கும் முட்டுகள் என்று பெயர். இனிச் சுவருக்கு அதிக வேலையில்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைக்கலாம்.

கவனிக்க வேண்டியது, உள்ளே நிற்கிற பக்தருக்கு இந்த முட்டுகள் கண்ணில் படுவதில்லை என்பதை. கல் எடையற்று மேலே போவதாக அவர் காண்கிறார். தாங்குகிறதெல்லாம் வெளியே, மழையில் நிற்கிறது. ஒரு கதீட்ரலைப் பார்க்கப் போகிறவர்கள் முகப்பிலிருந்து தொடங்காமல், ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் போய் இந்த எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவது நல்லது. மாயம் கொஞ்சம் குறையும், வியப்பு குறையாது.

இந்த உயர வெறியின் எல்லை பொவே. கூரை உயரம் சுமார் 48 மீட்டர். 1272இல் முடித்தார்கள், 1284இல் ஒரு பகுதி விழுந்தது. தூண்களை அதிகமாக்கித் திரும்பக் கட்டினார்கள். அப்புறமும் ஆசை விடவில்லை. 1569இல் 153 மீட்டர் கோபுரம் ஒன்றை ஏற்றினார்கள், அது 1573இல் சரிந்தது. மக்கள் கூடுவதற்கான நீண்ட நடுக்கூடம் கட்டப்படவேயில்லை. குருமார்களின் பகுதி மட்டும் வானத்தைத் தொட, மக்களின் பகுதி இல்லாமலே போன கோயில்.

1951இல் எர்வின் பனோஃப்ஸ்கி கோதிக் கட்டடத்தையும் ஸ்கொலாஸ்டிக் தத்துவத்தையும் ஒரே மனப்பழக்கத்தின் இரு வடிவங்களாக வாசித்தார். கெட்டிக்காரத்தனமான வாசிப்பு. ஆனால் அதில் வண்டிக்கூலி இல்லை, வரி இல்லை.

ரீம்ஸ் நகரத்தில் அது இருக்கிறது. பழைய கதீட்ரல் 1210இல் எரிந்து, மறு ஆண்டு புதியது தொடங்கியது. அந்நகரின் பேராயர் ஆன்மீகத் தலைவர் மட்டுமல்ல, ஊரின் பிரபுவும் அவரே. வரி, கடன், நீதி வழங்கும் உரிமை எல்லாவற்றிலும் தகராறு முற்றி 1233இல் நகரத்தார் கிளர்ந்தெழுந்தார்கள். குருமார் குழு ஊரைவிட்டு ஓடியது. கோயிலுக்கென்று கிடந்த கல்லை எடுத்துத் தெருவில் தடுப்பரண் போட்டார்கள். 1236 வரை வேலை நின்றது. மன்னர் ஒன்பதாம் லூயியின் தலையீட்டில் முடிவு பேராயருக்குச் சாதகமாகவே அமைந்தது. பிரெஞ்சு மன்னர்களின் முடிசூட்டு ஆலயம் என்று வழிகாட்டிகள் விளக்குகிற அதே கட்டடம்தான்.

ஷார்த்ர் இன்னும் சிக்கலான பிரதி. 1194 தீவிபத்துக்குப் பிறகு எழுந்த இந்தக் கதீட்ரலின் சுமார் நாற்பது ஜன்னல்களில் உழைக்கும் மனிதர்கள் வருகிறார்கள். நல்ல சமாரியன் ஜன்னலில் செருப்புத் தைப்பவர்கள், மகதலேனா ஜன்னலில் தண்ணீர் சுமப்பவர்கள், யோசேப்பு ஜன்னலில் காசு மாற்றுபவர்கள். பீடத்துக்கு நேர் மேலே, மாதாவின் காலடியில், கூடை நிறைய ரொட்டி தூக்கி வருகிறவர்கள். அந்தந்தத் தொழிற்சங்கங்கள் பக்தியோடு கொடுத்த நன்கொடை என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். அக்காலத்து ஷார்த்ரில் ஜன்னல் கொடுக்கிற அளவுக்குத் தொழிலாளருக்குச் சுதந்திரமான அமைப்புகள் இருந்தனவா? 1210இல் இதே ஊர் ஜனங்கள் குருமார் தலைவரின் வீட்டைத் தாக்கியிருக்கிறார்களே? ஆகவே, இவை உழைப்பவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதல்ல, உழைப்பவர்கள் எப்படி இருக்க வேண்டுமென்று குருமார்கள் விரும்பினார்களோ அந்தப் படம் என்கிறது அவர் வாசிப்பு. முழுக்க ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோல் அறுக்கும் கையின் அசைவை அவ்வளவு துல்லியமாக வரைந்த கண்ணாடிக் கலைஞனும் ஒரு கைத்தொழிலாளிதான். அவன் குருமார் சொன்னதை மட்டும் வரைந்தான் என்று எப்படி முடிவுகட்டுவது? எப்படியானாலும், ஷார்த்ர் போகிறவர்கள் ஒரு பைனாகுலர் கொண்டுபோவது உத்தமம். ஜன்னலைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். தொழிலாளிகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறார்கள்.

லாவோன் மலைமேல் நிற்கிற ஊர். 1112இல் அதன் ஆயர் கோத்ரி, நகரத்தார் விலை கொடுத்து வாங்கியிருந்த தன்னாட்சி உரிமையை ரத்துசெய்தார். கூட்டம் புகுந்து, பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த அவரை இழுத்துக் கொன்றது. கதீட்ரலும் எரிந்தது. பழுதுபார்க்கப் பணம் சேர்க்கக் குருமார்கள் புனிதப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு பிரான்சிலும், அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் ஊர் ஊராகப் போனார்கள். இன்று நிற்கிற கதீட்ரல் அந்நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. அதன் கோபுரங்களில் பதினாறு காளைகளின் சிலைகள் உண்டு. மலைமேல் கல் இழுத்த மாடுகளுக்கு நன்றி என்பது ஊர்வழக்கு. இழுத்த மாட்டுக்குச் சிலை வைத்தார்கள். ஓட்டிப்போனவனுக்கு இல்லை.