உங்களுக்குத் தெரியுமா? பணம் கட்டினால் உடனே விளையும் திராட்சை!

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் கவாத்து செய்த கொடியில் பன்னீர் திராட்சை பறிக்க ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. 2009-இல் ஃபேஸ்புக்கில் வந்த ‘ஃபார்ம்வில்’ விளையாட்டிலோ திராட்சை ஒரே நாளில் பழுத்துவிடும். அதற்கும் பொறுமை இல்லையா? நிஜப் பணம் கொடுத்து ‘ஃபார்ம் கேஷ்’ வாங்கி, விமானம் ஒன்றைப் பறக்கவிட்டால் வயல் முழுதும் அந்த நொடியே விளைந்து நிற்கும்!

விளையாட்டு இலவசம்தான். காசு கிடைத்தது அவசரத்தை விற்றதில். நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிப்போகும். அந்தப் பதற்றம்தான் மூலதனம். காசு கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் விளையாட்டை உருவாக்கிய ஜிங்கா நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி இப்படி இல்லாத டிராக்டரையும் மாட்டையும் விற்றே வந்தது.

ஃபேஸ்புக்கும் சும்மா இருக்கவில்லை. மண்டிக்காரர் கமிஷன் பிடிப்பதுபோல, தன் தளத்தில் நடந்த விற்பனையில் நூற்றுக்கு 30 பிடித்துக்கொண்டது. எந்த மண்டியிலும் கேட்டிராத விகிதம்! 2011-இல் ஃபேஸ்புக்கின் மொத்த வருவாயில் 12 சதவீதம் ஜிங்கா மூலம் வந்ததே.

2020 நவம்பர் 17-உடன் ஃபார்ம்வில்லில் பணம் வாங்குவது நின்றது. டிசம்பர் 31-இல் விளையாட்டே மூடப்பட்டது. காசு போட்டு வாங்கிய தோட்டம், துரவு எதற்கும் பட்டா கிடையாது.