வெட்டாமல் நுரையீரல் தழும்பைப் பார்க்க

நெய்வேலியில மகனோட குவார்ட்டர்ஸ்ல இருக்கற எங்க பெரியப்பாவுக்கு 72 வயசு. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. சி.டி. ஸ்கேன்ல நுரையீரல் தழும்பு தெரிஞ்சது. எந்த வகைன்னு உறுதியாகல. துணுக்கு வெட்டி பயாப்ஸி செய்யலாம். ஆனா ரத்தக்கசிவு வரலாம், நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றும் கசியலாம்.

மாற்றாக ஆராயப்படுவது ஓ.சி.டி. 1991-ல் எம்.ஐ.டி. குழுவினர் வெளியிட்ட முறை. கண் மருத்துவத்தில் இன்று சர்வசாதாரணம். வயிற்று ஸ்கேன் ஒலியின் எதிரொலியை அளக்கும். இது திரும்பிவரும் அகச்சிவப்பு ஒளியை அளக்கிறது. பிராங்கோஸ்கோப் வழியா மெல்லிய ஒளியிழையை விட்டால், சுமார் 2 மில்லிமீட்டர் ஆழம்வரை திசு தெரியும். சி.டி.யில் சிக்காத குட்டித் தேன்கூட்டுக் குழிகளும் அகப்படும்.

விழுந்த தழும்பை மாத்திரை அழிக்காது, பரவும் வேகத்தைத்தான் குறைக்கும். அதனாலதான் வகையைச் சீக்கிரம் தெரிஞ்சுக்கணும்னு பதறுறோம்.