உங்கள் பலத்தை யாரிடம் கேட்பது?

வேலைக்கான நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி, ‘உங்கள் பலம் என்ன?’ பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: கடின உழைப்பாளி, எல்லோருடனும் ஒத்துப்போவேன், தலைமைப் பண்பு உண்டு. மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்களை விட்டுவிடலாம். மற்றவர்கள் அதை மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

1970-களின் நடுவில், அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதிய ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களிடம் தங்களைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். தலைமைப் பண்பில் தாங்கள் சராசரிக்கு மேல் என்றவர்கள் 70 சதவீதம். சராசரிக்குக் கீழ் என்று ஒப்புக்கொண்டவர்கள் 2 சதவீதம்தான். பிறருடன் பழகும் திறனிலோ, 60 சதவீதம் பேர் தங்களை முதல் பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் பத்துப் பேருக்கு ஒருவர்தான் நிற்க முடியும்!

அப்படியானால் நம் சுயமதிப்பீட்டை எந்த அளவுக்கு நம்பலாம்? உளவியலாளர்கள் ஈதன் ஜெல், ஸ்லாட்டன் கிரிசான் இருவரும் 2014-ல் இதற்கு விடை தேடினார்கள். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்த 22 தொகுப்பாய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தன் திறமையைப் பற்றி ஒருவர் நினைப்பதற்கும் அவர் செய்துகாட்டுவதற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.29. முழுமையாகப் பொருந்தினால் அது 1. தொடர்பே இல்லையென்றால் 0. நம்மைப் பற்றி நமக்குத் தெரியும், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குத் தெரியாது என்பதே இதன் பொருள்.

அதே ஆய்வில் ஓர் ஆறுதலும் உண்டு. கேள்வி குறிப்பாக இருந்தால் மதிப்பீடு துல்லியமாகிறது. ‘நான் புத்திசாலியா?’ என்று கேட்டால் மனம் தன் விருப்பப்படி பதில் சொல்லும். ‘ஒரு மாத வரவு செலவைப் பிழையில்லாமல் என்னால் எழுத முடியுமா?’ என்று கேட்டால் அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது.

எளிதாக வருவது கண்ணில் படாது

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பாதி உலகப் புகழ் பெற்றது: திறமை குறைந்தவர்கள் தங்களை மிக உயர்வாக நினைத்துக்கொள்கிறார்கள். மறுபாதியைப் பலரும் கவனிப்பதில்லை. தேர்வில் முதல் கால் பகுதிக்குள் வந்தவர்கள், மற்றவர்களோடு ஒப்பிடும்போது தங்கள் இடத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தங்களுக்கு எளிதாக இருந்தது எல்லோருக்கும் அப்படியே இருந்திருக்கும் என்பது அவர்கள் எண்ணம். மற்றவர்களின் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்த பிறகு, தங்களைப் பற்றிய மதிப்பீட்டை அவர்கள் உயர்த்திக்கொண்டார்கள்.

இயல்பான திறமை ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். கல்யாண வீட்டில் முந்நூறு பேருக்குப் பதற்றமில்லாமல் பந்தி நடத்தி முடிக்கும் அத்தையைப் பாராட்டிப் பாருங்கள். ‘இதில் என்ன இருக்கிறது?’ என்பார். பட்டபாடு நினைவில் தங்குகிறது. பாடுபடாமல் வந்தது கணக்கில் சேர்வதில்லை.

எல்லோருக்கும் ஒரே பலன்

சுயமதிப்பீடு தடுமாறும்போது நாம் தேர்வுகளை நாடுகிறோம். இங்கும் ஒரு பள்ளம் உண்டு. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பின்னர் ஒவ்வொருவருக்கும் ‘உங்களுக்கான முடிவு’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே வாசகம். கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து ஃபோரர் அந்த வரிகளைத் திரட்டியிருந்தார்.

குழந்தைகளின் பத்து விரல்களையும் ரேகை எடுத்து, இந்தத் துறையில் சேருங்கள் என்று பக்கம் பக்கமாக அறிக்கை தரும் ‘டி.எம்.ஐ.டி.’ மையங்களுக்குப் படியேறும் பெற்றோர் இந்தச் சோதனையை அறிந்திருப்பது நல்லது. விரல் ரேகை கருவிலேயே உருவாகி, வாழ்நாள் முழுவதும் மாறாமல் இருப்பது. பயிற்சியாலும் சூழலாலும் வளரும் திறமையை அதில் படிக்க முடியாது. இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் சொல்லியிருக்கிறது.

ஆய்வின் அடிப்படையில் எழுந்த வினாநிரல்களும் இருக்கின்றன. கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் இருவரும் 2004-ல் மனிதரின் நற்பண்புகளை 24 பலங்களாக வகுத்தார்கள். ஆர்வம், நேர்மை, பரிவு, விடாமுயற்சி, நகைச்சுவை எல்லாம் அதில் அடக்கம். அதையொட்டிய ‘வி.ஐ.ஏ.’ வினாநிரலை இணையத்தில் இலவசமாகச் செய்து பார்க்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: அங்கும் விடை சொல்பவர் நீங்கள்தான். உங்கள் பண்புகளில் எது முன்னே, எது பின்னே என்பதை அது வரிசைப்படுத்தும். ஊரில் நீங்கள் எத்தனையாவது என்று சொல்லாது.

உள்ளே தெரிவதும் வெளியே தெரிவதும்

நம்மைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரிவது எது, பிறருக்கு நன்றாகத் தெரிவது எது? இதைப் பிரித்துக் காட்டியவர் உளவியலாளர் சிமின் வசீர். 2010-ல் வெளியான அவரது ஆய்வில் 165 பேர் தங்களை மதிப்பிட்டார்கள். அவர்களுடைய நண்பர்களும், முன்பின் அறியாதவர்களும் அவர்களை மதிப்பிட்டார்கள். பிறகு இந்த மதிப்பீடுகள் சோதனைகளின் முடிவோடு ஒப்பிடப்பட்டன. பதற்றம், கவலை போன்ற உள்ளுணர்வுகளில் அவரவர் கணிப்பே சரியாக இருந்தது. அறிவுக்கூர்மை, படைப்பாற்றல் போன்றவற்றில் நண்பர்களின் கணிப்பு முந்தியது. இவை நம் தன்மானத்தோடு ஒட்டியவை. அதனால் நம் பார்வை கோணிவிடுகிறது. கலகலப்பாகப் பழகும் குணமோ எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகவே கேள்வியைப் பங்கிட்டுக்கொள்வதே சரியான வழி. எந்த வேலை உற்சாகம் தருகிறது, எது களைப்பைத் தருகிறது என்பதை உங்களிடமே கேளுங்கள். எதில் நீங்கள் கெட்டிக்காரர் என்பதை உங்களோடு வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த பயிற்சி ஒன்று இதற்கு உதவும். குடும்பம், நட்பு, பணியிடம் என்று பல வட்டங்களிலிருந்து பத்துப் பேரையாவது தேர்ந்தெடுத்து, ‘நான் மிகச் சிறப்பாகச் செய்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். புகழ்மொழி வேண்டாம், நடந்த சம்பவம் வேண்டும். ஒருவரையொருவர் அறியாதவர்கள் சொல்லும் சம்பவங்களில் ஒரே குணம் திரும்பத் திரும்ப வந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாட்சி, காலம். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999-ல் எழுதிய கட்டுரையில் சொன்ன வழி எளிமையானது. முக்கியமான முடிவு எடுக்கும்போதெல்லாம், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் பலம் எங்கே என்று தெரிந்துவிடும் என்பது அவர் அனுபவம். எழுதி வைப்பது முக்கியம். ‘அப்போதே நினைத்தேன்’ என்று மனம் பிற்பாடு கதை மாற்றுவதை அது தடுக்கும்.

பலம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதானா? செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கும் விடை சொல்கிறது. தங்கள் முதன்மைப் பலங்களை அறிந்துகொண்டதோடு நின்றவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி விரைவில் வடிந்தது. அவற்றில் ஒன்றை ஒரு வாரம், நாள்தோறும் புதிய விதத்தில் பயன்படுத்தியவர்களுக்கு அதன் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது.

அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டுவதில் பயனில்லை. இந்த வாரமே ஒரு நோட்டை எடுங்கள். ஓர் எதிர்பார்ப்பை எழுதுங்கள். உங்களை அறிந்தவர்களிடம் ஒரு சம்பவம் கேளுங்கள். பிள்ளைகளின் ரேகைக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில், அவர்கள் நாலு புதிய வேலைகளைச் செய்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். எதில் அவர்கள் நேரம் போவதே தெரியாமல் மூழ்குகிறார்கள் என்று நீங்களே பார்க்கலாம்.